நிலத் தரகரும் அவர் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விதையையும் உரத்தையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் தரகரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கோயமுத்தூரைச் சூழ்ந்த கிராமங்களில், சூலூர், அன்னூர், கிணத்துக்கடவு முதலாகப் பல்லடம், அவினாசி வரையில், குடியானவர் வீட்டு வாசலுக்கு இன்று அடிக்கடி வந்துபோகிறவர் நிலத் தரகர். மூன்று தலைமுறையாகக் கிணறு வெட்டி, கல் பொறுக்கித் திருத்திய தோட்டம், ஒரு மாலைப் பொழுதில் திண்ணையிலே பேசி முடிக்கப்படுகிறது. அந்தப் பேச்சை நடத்துபவர் யாருக்காகப் பேசுகிறார் என்ற கேள்வியை நம்மில் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. சட்டமோ அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே அதனையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

தரகர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிடுவோம். எந்தத் தோட்டத்தில் எத்தனை பங்காளிகள், எந்தக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை, எந்த எல்லைக் கல் எப்போது நகர்ந்தது என்பனவெல்லாம் அறிந்த நல்ல தரகர் ஓர் ஊருக்குப் பெரிய உதவி. பத்து ஆண்டுகளாக முகம் பார்க்காத அண்ணன் தம்பிகளை ஒரே பாயில் உட்கார வைத்துப் பாகத்தைத் தீர்த்து வைப்பவரும் பல இடங்களில் அவரே. அந்த உழைப்புக்குத் தரகு வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் தரகு என்ற சொல்லுக்கு நம் நாட்டுப் பக்கத்தில் ஒரு பழைய பொருள் படிந்திருக்கிறது. கண்ணபுரத்து மாட்டுச் சந்தையைப் பாருங்கள். துண்டை மேலே போர்த்திக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். விற்பவன் மனதில் உள்ள விலையும் வாங்குபவன் மனதில் உள்ள விலையும் தரகன் ஒருவனுக்கே தெரியும். மாட்டு வியாபாரத்தில் இதனால் பெரிய கேடு விளைவதில்லை. மாடு கண்ணெதிரே நிற்கிறது. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நடத்திப் பார்க்கலாம். நிலத்தின் குணமோ கண்ணுக்குத் தெரிவது பாதி. மறுபாதி காகிதத்தில் இருக்கிறது. துண்டுக்குள் பேசும் வழக்கத்தை நிலத்துக்கும் கொண்டுவந்ததிலேதான் நம் தொல்லைகளில் பெரும்பாலானவை பிறந்தன என்பது நம் கருத்து.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். பூமி பூமியாகவே, ஏக்கர் கணக்கில், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறும்போது நடுவில் நிற்கும் தரகருக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரைப் பற்றிச் சொல்லும் அத்தியாயமே அவரையும் ஆள்கிறது. ஒருவருடைய வேலையை அவருக்காகச் செய்ய நியமிக்கப்பட்டவர் முகவர். “என் பூமியை விற்றுக் கொடு” என்று நீங்கள் ஒருவரிடம் ஒப்படைத்தால் அவர் உங்கள் முகவர். உங்கள் சொற்படி நடக்கவும், தக்க கவனத்தோடு வேலை செய்யவும், கேட்டபோது கணக்குக் காட்டவும், உங்களுக்காக வாங்கிய பணத்தை உங்களிடம் சேர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். வேலை முடியும்முன் தரகு கேட்க அவருக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையாயின், உரிமை இல்லை. ஒப்படைத்த வேலையில் அவர் நடத்தை தவறினால், தவறிய பகுதிக்குத் தரகே கிடையாது. இது அச்சட்டத்தின் 220 ஆவது பிரிவு.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானவை 215, 216 ஆவது பிரிவுகள். நியமித்தவருக்குத் தெரியாமலும் அவர் சம்மதம் இல்லாமலும் முகவர் தம் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யலாகாது என்பது இவற்றின் கருத்து. சட்டமே இதற்கு உதாரணம் காட்டுகிறது. ஒருவர் தம் பூமியை விற்கும்படி முகவரிடம் சொல்கிறார். முகவர் பூமியைச் சுற்றிப் பார்க்கும்போது உடையவர் அறியாத சுரங்கம் ஒன்று அதில் இருப்பதைக் கண்டுகொள்கிறார். அதை வெளியிடாமல், “நானே வாங்கிக்கொள்கிறேன்” என்று கேட்டு வாங்கிவிடுகிறார். உண்மை தெரிய வந்தபின் உடையவர் விரும்பினால் அந்த விற்பனையை மறுத்துவிடலாம்.

நம் பக்கத்து மேட்டுக்காட்டில் சுரங்கம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். நீலாம்பூரிலிருந்து மதுக்கரைக்குப் புறவழிச் சாலை போட்டார்கள் அல்லவா? அப்படிப்பட்ட சாலைக்குக் கல் நடப்போகிறார்கள் என்று ஒரு மாதம் முன்னதாக அறிந்தவனுக்கு அதுதான் சுரங்கம். அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17 அன்று தொடங்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி நீரைக் கொண்டுசெல்ல ஏற்பட்டது அது. தம் காட்டை அடுத்த குட்டை அந்தப் பட்டியலில் இருப்பதை அறியாத குடியானவரும், அறிந்த தரகரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து விலை பேசினால், சட்டம் அறிந்தவர் மீதே சொல்லும் கடமையைச் சுமத்துகிறது. அவர் விற்பவரின் ஆளாக இருந்தால் மட்டுமே இது பொருந்தும் என்பதை மறந்துவிடக்கூடாது. வாங்குபவரின் ஆளாக வந்தவருக்கு உங்களிடம் அந்தக் கடமை இல்லை.

ஆகவேதான் “நீர் யாருடைய ஆள்?” என்று முதலிலேயே கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள் என்கிறோம். இரண்டு பக்கமும் தரகு வாங்குவது நம்மிடையே சர்வ சாதாரணம். நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று இருதரப்பிலும் கேட்கிறார்கள். விகிதம் இவ்வளவு என்று சட்டம் வரையறுக்கவில்லை. இருவருக்கும் தெரிந்து, இருவரும் ஒப்பினால் அதில் குற்றம் இல்லை. மறைத்து வாங்குவதே குற்றம். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் ஒரே பேரத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரே தரகராக நிற்பதை 2010 ஆம் ஆண்டின் விதிகள் அடியோடு தடுத்துவிட்டன. அங்கே சொத்து விற்பனைப் பணத்தைத் தரகர் கையால் தொடுவதும் கூடாது. நம் சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. அது செல்லாத தூரத்தை நம் எழுத்துச் சீட்டுதான் கடக்க வேண்டும்.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். “ஏக்கருக்கு உங்கள் கைக்கு இவ்வளவு வந்துவிடும், அதற்குமேல் என்ன வந்தாலும் என் பாடு” என்று தரகர் சொல்வதும், தரகு மிச்சம் என்று குடியானவர் மகிழ்ந்து தலையசைப்பதும் ஊருக்கு ஊர் நடக்கிறது. அப்படித் தலையசைத்த கணத்திலேயே தரகர் தரகராக இல்லாமற் போய்விடுகிறார், அவர் வியாபாரியாகிவிட்டார். பின்னால் ஏக்கருக்குப் பல லட்சம் கூடுதலாக வந்தது தெரிந்து கணக்குக் கேட்டால், “நீர் சம்மதித்ததுதானே?” என்பார். சட்டப்படியும் அவர் பேச்சுக்கு வலு இருக்கும். சம்மதமின்றி மறைத்து மேல்பணம் எடுத்திருந்தால் அதனை உங்களிடம் சேர்க்க வேண்டியவர் அவர். சம்மதித்துவிட்டாலோ வழி குறுகிவிடுகிறது. நூற்றுக்கு இரண்டு கொடுப்பது கசப்பாக இருக்கலாம். ஆனால் நூற்றுக்கு இரண்டு வாங்குகிற தரகருக்கு விலை ஏறினால் லாபம், உங்களுக்கும் லாபம். கைக்கு இவ்வளவு என்று பேசினவருக்கோ உங்கள் விலை ஏறாதிருப்பதே லாபம்.

இதைவிடக் கொடியது ‘பவர்’ என்று எல்லோரும் சொல்லும் பொது அதிகாரப் பத்திரம். சிறிது அச்சாரம் கொடுத்துவிட்டு, “அடிக்கடி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து ஏன் சிரமப்படுகிறீர்கள், ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்” என்பார்கள். பவர் எழுதிக் கொடுத்தவர் தம் கையெழுத்தையே இரவல் கொடுத்தவர். அவர் பெயரால் முகவர் செய்யும் கிரயம், அதிகார வரம்புக்குள் இருந்தால், அவரே செய்ததற்கு ஒப்பாகும். பணம் அவர் கைக்கு வந்து சேர்ந்ததா என்று வாங்கியவர் ஆராய வேண்டியதில்லை என்னும் நிலையும் ஏற்பட்டுவிடுகிறது.

பவரைப் பற்றி மூன்று செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்துப் பற்றிய பவரையும், கிரய ஒப்பந்தத்தையும் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் எழுதப்படும் பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பத்திரத்தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் பழைய அக்ரிமெண்டுக்கு அந்த மதிப்பு இல்லை. அடுத்தது, பவரைக் கொண்டோ, கிரய ஒப்பந்தத்தைக் கொண்டோ, உயிலைக் கொண்டோ நிலத்தின் உரிமை வாங்கியவருக்கு மாறிவிடாது. பதிவு பெற்ற கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும் என்று உச்ச நீதிமன்றம் 2011 இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘பவரோடு பூமியை வாங்கிவிட்டேன்’ என்பவர் வாங்கவில்லை.

மூன்றாவது, பவரை ரத்து செய்வது. கொடுத்தவர் ரத்து செய்யலாம்; கொடுத்தவர் காலமானாலும் அது முடிந்துபோகும். ஆனால் அந்தச் சொத்திலேயே முகவருக்கு ஒரு பாத்தியதை இருந்தால், அதற்குக் கேடு வரும்படி ரத்து செய்ய முடியாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 202 ஆவது பிரிவு. தரகுப்பணம் வரவேண்டும் என்பது மட்டும் அத்தகைய பாத்தியதை ஆகாது. எனினும் முழுக்கிரயத்தையும் வாங்கிக்கொண்டதாகப் பத்திரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வரியை வைத்தே வழக்கு நடக்கும். வாங்காத பணத்தை வாங்கியதாக எழுத ஒருநாளும் இசையாதீர்கள். ரத்து செய்யும்போது, ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து, முகவருக்கு அஞ்சலில் தெரிவித்து ஒப்புகையையும் பெற்று வையுங்கள். ரத்தானது தெரியாமல் ஒருவர் முகவரோடு செய்துகொள்ளும் வியாபாரத்துக்கு ரத்துச் செய்தி எட்டும்வரை பாதுகாப்பு உண்டு என்று சட்டம் சொல்வதால், தாமதம் உங்களுக்கே நஷ்டம். பவரில் ‘விலை பேச’, ‘மனு கொடுக்க’, ‘அளவைக்கு நிற்க’ என்ற அதிகாரங்களை மட்டும் கொடுத்து, கிரயம் எழுதும் அதிகாரத்தையும் பணம் வாங்கும் அதிகாரத்தையும் கையிலேயே வைத்துக்கொள்வது எளிது. அதற்கு ஒப்பாத தரகரை வணங்கி அனுப்பிவிடலாம்.

பூமி மனையாக மாறும் இடத்தில், அதாவது நம் ஊர்ப் பேச்சில் ‘சைட் போடும்’ இடத்தில், வேறொரு சட்டம் வந்து நிற்கிறது. ‘ரெரா’ என்று வழங்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை, மேம்பாட்டுச் சட்டம் 2016 இல் இயற்றப்பட்டு, தரகரைப் பற்றிய பிரிவுகள் உட்பட 2017 மே 1 அன்று முழுதும் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டு விதிகள் வெளியாயின. சென்னையில் உள்ள ஆணையமே அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் சேர்த்து இதனை நடத்துகிறது. திட்டப் பகுதிக்குள் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை, நம் கணக்கில் ஏறக்குறைய 12 சென்ட்டுக்கு மேல், மனைகளாகப் பிரித்து விற்பதாயின் அந்த மனைப்பிரிவை ஆணையத்தில் பதிவு செய்த பின்னரே விளம்பரம் செய்யலாம், முன்பணம் வாங்கலாம். திட்டப் பகுதிக்கு வெளியே, உள்ளாட்சியின் அனுமதியோடு நடக்கும் வேலையையும் பதிவு செய்யும்படி உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இத்தகைய மனைகளை விற்றுத் தரும் தரகரும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். தரகர், இடைத்தரகர், ஏஜெண்டு, புரோக்கர் எனப் பெயர் எதுவாயினும், கூலிக்காகப் பேரம் பேசி முடிப்பவர் எல்லோரும் இதற்குள் அடங்குவர். ஆணையம் தரும் பதிவு எண்ணைத் தாம் முடிக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அவர் குறிப்பிட வேண்டும். பதிவு பெறாத மனைப்பிரிவின் மனையை விற்றுத் தரலாகாது. கணக்கும் ஆவணங்களும் வைத்திருக்க வேண்டும். இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்லலாகாது. செய்யக் கருதாத வசதிகளை விளம்பரத்தில் போட இடங்கொடுக்கலாகாது. மனைக்கு முன்பதிவு செய்யும்போதே வாங்குபவருக்கு உரிய எல்லா விவரங்களும் பத்திரங்களும் கிடைக்கும்படி செய்ய வேண்டும். இவற்றில் தவறினால் தவறு நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வீதம், மொத்தத்தில் மனை மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வரை அபராதம் விதிக்கலாம். பொய்யோ மோசடியோ செய்து பதிவு பெற்றவரின் பதிவையே நீக்கவும் செய்யலாம். நூற்றுக்கு இரண்டு தரகு வாங்குபவருக்கு நூற்றுக்கு ஐந்து அபராதம் என்பது சிறிய காரியம் அன்று.

இச்சட்டத்தில் நம் குடியானவர்கள் பெரும்பாலும் கவனியாத ஓர் இடம் உண்டு. மனைப்பிரிவு அமைத்து விற்பவரைச் சட்டம் ‘புரமோட்டர்’ என்கிறது. நில உரிமையாளரிடம் பவர் வாங்கி மனை போட்டு விற்பவரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குகிறார். “நான் வெறும் தரகன், பூமி கவுண்டருடையது” என்று அவர் தப்ப முடியாது. அதே சமயத்தில், மனை அமைப்பவர் ஒருவரும் விற்பவர் வேறொருவருமாக இருந்தால் இருவரும் புரமோட்டர்களாகக் கருதப்பட்டுக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகையால் பட்டாவைத் தம் பெயரில் வைத்துக்கொண்டு, பவரை மட்டும் கொடுத்துவிட்டு, மனைக்கு மனை பணம் வாங்கிக்கொள்ளும் குடியானவரையும் அந்தப் பொறுப்பு வந்து தொடக்கூடும். சாலை போடாமலும் சாக்கடை கட்டாமலும் தரகர் மறைந்துவிட்டால், மனை வாங்கிய நூறு பேரும் வந்து நிற்கும் வாசல் யாருடையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு இனிச் சில வார்த்தைகள். ‘பஞ்சாயத்து அப்ரூவல் மனை’ என்ற சொல் நம் கிராமங்களில் நெடுங்காலம் உலவிற்று. நகர், ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் இன்றி ஊராட்சி தானாகவே மனைப்பிரிவுக்கு அனுமதி தரச் சட்டம் இடந்தரவில்லை. அப்படிப் பிறந்த மனைகளினால் ஏற்பட்ட கேடு கண்டு, 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலத்தை அனுமதியின்றி மனையாக்கி எழுதும் பத்திரத்தைப் பதிவதிகாரி மறுக்கும் 22-அ பிரிவு அந்த ஆண்டு அக்டோபர் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முற்பட்ட மனைகளை வரைமுறைப்படுத்த 2017 இல் விதிகள் செய்தார்கள். பழைய தேதியிட்ட காகிதத்தோடு வந்து, “இது 2016க்கு முந்தின மனை” என்று தரகர் சொன்னால், அந்த மனைப்பிரிவில் ஒரு மனையாவது அந்தத் தேதிக்கு முன் கிரயம் பதிவாகி இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பார்க்கலாம்.

மனைப்பிரிவின் சாலைகளும், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாயின் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியும், தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு வந்து சேர வேண்டியவை. வரைபடத்தில் பூங்காவாக இருந்த இடம் சில ஆண்டுகளில் மனையாகி விற்கப்பட்டிருப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். தானப் பத்திரத்தின் நகலைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, இடத்துக்கு வேலி போட்டுப் பலகை நட்டுவிட்டால் எந்தத் தரகரும் அதை விற்க முடியாது. ஊராட்சி அலுவலகத்து வாசலில், அந்த ஊராட்சிக்குள் அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளின் பெயரையும் அவற்றின் ரெரா எண்ணையும் எழுதி வைப்பதற்குச் செலவு ஒரு டப்பா வர்ணமே.

நம் நாட்டுப் பூமிக்கே உரிய சில பாத்தியங்கள் உண்டு. கிணற்றில் நாலில் ஒரு பங்கு, மின் இணைப்பில் பங்கு, வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் முறை, மாமூல் வண்டித்தடம், இட்டேரி. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரத்தில் இவை எழுதப்பட்டிருக்கும். தரகர் காட்டும் வரைபடத்தில் இவை காணப்படுவதில்லை. சைட் போடும்போது முதலில் காணாமற் போவது இட்டேரி. வேலிக்கிளுவையை வெட்டித் தடத்தை மனையோடு சேர்த்துவிட்டால், பின்னால் உள்ள தோட்டக்காரர் அறுவடை வண்டியைத் தலைமேலா தூக்கிச் செல்வார்? பங்குக் கிணறு உள்ள பூமியை, கிணறு முழுதும் தமதே என்று சொல்லி விற்பதும் பொய்ச்சொல்லே. முகவர் தம் அதிகாரத்துக்குட்பட்ட வேலையில் சொல்லும் பொய், நியமித்தவரையும் கட்டும் என்று ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. ஆதலால் விற்கும் குடியானவர், தரகர் தம் பூமியைப் பற்றி என்ன சொல்லித் திரிகிறார் என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது. கோயில் நிலம், வக்பு நிலம், பூதான நிலம், பஞ்சமி நிலம் ஆகியவற்றைப் பேரம் பேசும் தரகரிடம் பேச்சையே வளர்க்க வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒன்று. நிலம் விற்பவர் அச்சாரமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்திருக்கிறது. ரெராவுக்கு உட்பட்ட மனையானால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் புரமோட்டர் வாங்கலாகாது. எதுவாயினும் பணம் வங்கி வழியாக விற்பவர் கணக்குக்கே போகட்டும். தரகர் வழியாகப் போக வேண்டியது தரகு மட்டுமே. அதற்கும் ரசீது உண்டு.

தரகர் தவறினார் என்று கண்டால் எங்கே போவது என்று கேட்பீர்கள். மனைப்பிரிவைப் பற்றியதாயின், பாதிக்கப்பட்டவர் எவரும் ரெரா ஆணையத்தில் தரகர் மீதே புகார் கொடுக்கலாம். விளைநிலத்தைப் பற்றியதாயின் சிவில் நீதிமன்றமே வழி. முகவர் வாங்கிக் கணக்குக் காட்டாத பணத்துக்கு, கணக்குக் கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். கேட்கவே இல்லை என்றால் முகவாண்மை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். மற்ற முறைகேடுகளுக்கு அது தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். சொந்தக்காரர், பெரியவர் என்று பேசிப் பேசியே இந்த மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டவர்கள் நம்மிடையே அநேகர். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு 1987 ஆம் ஆண்டின் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுக்கா நீதிமன்றத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தும் கேட்கலாம். போகும்போது வில்லங்கச் சான்று, சிட்டா, பவரின் நகல், தரகரிடம் எழுதி வாங்கிய சீட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள்.